சீல் உடைக்காத இருபத்தொரு பாட்டில்

அந்தப் பையில இருக்கிற பாட்டிலைக் கொஞ்சம் திருப்புங்க சார். விலையைப் பார்க்கலை, பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் பார்க்கிறேன். தக்காளி சாஸா? பிள்ளைகளுக்கா? குடுங்க, தப்பில்லை. ஆனா முதல்ல சர்க்கரை, அடுத்துத்தான் தக்காளின்னு போட்டிருந்தா யோசிக்கணும். எது அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதுவான். ஆறு மாசத்துக்கு முன்னாடி எனக்கும் இது தெரியாது. இப்ப திண்டுக்கல்லுல எந்தக் கடையில எந்த சாஸ் எந்தத் தட்டுல நிக்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

நீங்க எங்கே இறங்கணும்? கோபால்பட்டியா? நான் நத்தம். பஸ் போய்ச் சேர நேரம் இருக்கு. ஒரு நியாயம் கேக்கணும் உங்ககிட்ட. ஒரு தாய்மாமன் ஒரே ஒரு காதுக்கு மட்டும் மாமனா இருக்க முடியுமா?

சிரிக்காதீங்க சார். என் கதை அப்படித்தான் நிக்குது.

எனக்கு ஒரே தங்கச்சி, வளர்மதி. நத்தத்துல கட்டிக்குடுத்தோம். மாப்ள சின்னழகு கத்தார்ல வெல்டர். ஒன்பது வருஷம் இருந்துட்டு வந்தான். பெட்டி பெட்டியா சாமான் கொண்டு வருவான்னு எல்லாரும் பார்த்தா, தலைக்குள்ள ஒரு பைத்தியத்தை வெச்சுக்கிட்டு வந்து இறங்கினான். அங்கே இவனுக்கு மேலே ஒரு அமெரிக்காக்காரன் சூப்பர்வைசராம். வெள்ளிக்கிழமை ஆனா கறியைப் புகையில போடுவானாம். இவனுக்கும் அது தொத்திக்கிச்சு. ஊருக்கு வந்ததும் இருநூறு லிட்டர் டிரம்மைப் படுக்கப் போட்டான். நடுவுல அறுத்தான், கீல் வெச்சான், ஓரத்துல ஒரு புகைபோக்கி வெச்சான். பார்க்கிறதுக்கு ரயில் எஞ்சின் கர்ப்பமா இருக்கிற மாதிரி இருக்கும். அப்படி நாலு டிரம்.

கறி தீயில வேகக் கூடாதாம். புகையில வேகணுமாம். பதினோரு மணி நேரம்.

என் வீட்டுக்காரி காளீஸ்வரி இதைக் கேட்டுட்டுச் சொன்னா: "புகையில வேகிறது இதுவரைக்கும் நாங்கதான்னு நினைச்சேன். இப்ப ஆடுமா?"

சரி. மாப்ள தன் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் வெச்சான். குலசாமி கோயில்ல நாலு கிடா. குழம்பு கிடையாது, பிரியாணி கிடையாது. நாலும் டிரம்முக்குள்ள. எனக்குப் போன் பண்ணினான்.

"மச்சான், கறிக்கு மேலே தடவ பார்பிக்யூ சாஸ் வேணும். அங்கெல்லாம் வீட்டுல செய்ய மாட்டாங்க. கடையில பாட்டிலா வாங்கித்தான் தடவுவாங்க. அது மாமன் சீரா உங்ககிட்ட இருந்து வரட்டும்."

எனக்குச் சந்தோசம். தேங்கா பழம் எவன் வேணும்னாலும் தூக்கிட்டு வருவான். சாஸைச் சீரா வெச்ச மாமன் எங்க பக்கத்துல நான் ஒருத்தன்தான். ஆனா அன்னைக்குச் சாயங்காலமே தங்கச்சி தனியாப் போன் பண்ணினா. ரெண்டு வருஷம் கழிச்சு அவ குரலைக் கேக்குறேன்.

ஏன் ரெண்டு வருஷம்னு கேப்பீங்க. சொல்றேன். நான் ஒண்ணும் மறைக்கிற ஆள் இல்லை.

அவ கல்யாணத்தன்னைக்கு ரசத்துல புளி பத்தலை. எனக்கு வாசனையிலயே தெரிஞ்சுருச்சு. சமையல்காரர் வெளியே பீடி குடிக்கப் போயிருந்தார். நான் கரைச்சு ஊத்தினேன். அவர் திரும்பி வந்து அவரும் கரைச்சு ஊத்தியிருக்கார். இதுல என் தப்பு என்ன இருக்கு சார்? ரசம் சாப்பிட்ட நானூறு பேருக்கும் பல்லு கூசிருச்சு. மாப்ளயோட அம்மா இன்னைக்கும் எங்களைப் புளிச்ச சம்பந்தம்னுதான் சொல்லுது. நான் போகலைன்னா ரசம் சப்புன்னு இருந்திருக்கும். அதை யாரும் யோசிக்க மாட்டாங்க.

அடுத்து வளைகாப்பு. ஒரு சின்னப் பானையில கஞ்சி இருந்துச்சு. வாயில வெச்சா உப்பே இல்லை. ஒரு சிட்டிகை போட்டேன். சரி, ரெண்டு சிட்டிகை. நாலு கூட இருக்கலாம். அவளுக்குப் பிரஷர் ஜாஸ்தின்னு டாக்டர் சொல்லி, அவளுக்குன்னு உப்பில்லாம வெச்ச கஞ்சியாம் அது. மறுநாள் காலெல்லாம் வீங்கி ஆஸ்பத்திரியில படுத்திருந்தா. உப்பால வந்ததா, வளையல் போட்ட அலைச்சலா, யார் கண்டா? நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கதவுகிட்டயே மாப்ள நிறுத்திட்டான். பிள்ளை பிறந்து எனக்குப் போட்டோதான் வந்துச்சு. தூக்கினதில்லை. தொட்டதில்லை. ரெண்டு வருஷம்.

அந்தத் தங்கச்சிதான் போன் பண்ணினா.

"அண்ணே, பிள்ளையை மடியில வெக்கணும்னு ஆசை இருக்கா?"

"இதென்ன கேள்வி ஆத்தா?"

"அப்பக் கேட்டுக்க. கடையில வாங்கு. சீல் உடைக்காம கொண்டு வா. உன் ஆயுசுல ஒரே ஒரு பொருளை அது இருக்கிறபடி விட்டுட்டு என் வாசலுக்கு வா. உன்னால முடியலைன்னா சொல்லிரு, மணிமாறன் அண்ணன் மடியில வெச்சுக் குத்திக்கிறேன்."

மணிமாறன் எங்க பெரியப்பா மகன். நல்லவன்தான். ஆனா என்ன குடுத்தாலும் "நல்லாருக்கு"ம்பான். தீஞ்ச தோசை, ஊசிப்போன சட்னி, எல்லாம் நல்லாருக்கு. அவன் மடியில என் மருமகளா? நாக்கே இல்லாதவன் மடியில?

"முடியும்"னு சொல்லிட்டு வெச்சேன்.

மறுநாளே அந்தப் பெரிய ஏசி கடைக்குப் போனேன். சாஸுக்குன்னே ஒரு சந்து வெச்சிருக்கான். நீலக் கோட்டு போட்ட பொண்ணு ஒண்ணு நின்னுச்சு, பேட்ஜில மெர்லின்னு போட்டிருந்துச்சு.

"பார்பிக்யூ சாஸ்ல எதும்மா நல்லாருக்கும்?"

"எதுக்கு சார்? பர்கருக்கா?"

"ஆட்டுக்கு."

"மட்டன் ஃப்ரையா?"

"நாலு முழு ஆடு. காதுகுத்து."

அந்தப் பொண்ணு என்னை மேலேயும் கீழேயும் பார்த்துச்சு. "அஞ்சு கம்பெனி இருக்கு சார். போன வருஷம் ஒரு பாட்டில் வித்துச்சு. அதுவும் திரும்பி வந்துருச்சு."

அஞ்சையும் எடுத்து வரிசையா நிப்பாட்டுச்சு. ஒண்ணுல தொப்பிக்காரன் படம். ஒண்ணுல மாட்டுத் தலை. ஒண்ணுல கோடாலி, அது ஏன்னு தெரியலை. ஒண்ணுல ஒரு தாடிக்காரக் கிழவன். அஞ்சாவதுல வெறும் எழுத்து.

"ஒண்ணைத் திறந்து ஒரு சொட்டு நாக்குல விடேன்."

"திறந்தா பில் போட்டுருவோம் சார்."

"மோந்தாவது பார்க்கலாமா?"

"மூடி மேலயே மோந்துக்குங்க சார்."

மோந்தேன். அஞ்சும் பிளாஸ்டிக் வாசனைதான். அப்புறம் ஒவ்வொண்ணாத் தலைகீழாப் பிடிச்சு, எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு எண்ணினேன். தொப்பிக்காரன் நாலு எண்ணுறதுக்குள்ள இறங்கிட்டான். தண்ணி. தாடிக்காரன் பதினொண்ணு வரைக்கும் அசையலை. மெர்லின் பயந்துபோய் மேனேஜரைக் கூட்டிட்டு வந்துச்சு. மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் அவரும் மாட்டுத் தலையைக் கவிழ்த்துப் பிடிச்சு எண்ண ஆரம்பிச்சுட்டார். "நம்ம கடையில இப்படி ஒரு கஸ்டமர் வந்ததில்லை சார்"னார். பாராட்டத்தானே செஞ்சார்?

அஞ்சுலயும் ஒவ்வொண்ணு வாங்கினேன். சீர்ல வைக்கிற பாட்டிலைத்தானே உடைக்கக் கூடாது? மாதிரிக்கு வாங்கினதை உடைக்கலாம். வீட்டுல உப்புக்கண்டத்தை விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டு, நாலு நாள் புகை போட்டேன். காளீஸ்வரி கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னா: "கறி கண்டமாச்சோ இல்லையோ, நான் கண்டமாயிட்டேன்."

ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்த்தேன். தொப்பிக்காரன் வெறும் இனிப்பு. ஜீராவுல கறியை முக்கின மாதிரி. மாட்டுத் தலையில காடி, அதான் வினிகர், தூக்கல், ஊறுகாய்ப் பானை கழுவின தண்ணி. கோடாலி என்ன செஞ்சிருக்கான் தெரியுமா? பாட்டிலுக்குள்ளயே புகை வாசனையைப் போட்டிருக்கான். மாப்ள பதினோரு மணி நேரம் புகை போடுறான், அதுக்கு மேலே இவன் வேற புகை. சாப்பிடுறவன் தீயணைப்பு வண்டிக்குத்தான் போன் பண்ணணும். எழுத்து பாட்டிலைப் பத்திப் பேச ஒண்ணுமில்லை. தாடிக்காரன்தான் சார். நிதானமான ஆள். காரம் இருக்கு, மிளகு இருக்கு, இனிப்பு அடக்கி வெச்சிருக்கான்.

மெர்லின்கிட்டச் சொல்லி மதுரையில இருந்து இருபத்தொரு தாடிக்காரனை வரவழைச்சேன். சீர் ஒத்தைப்படையில இருக்கணுமே. வீட்டு அலமாரியில அடுக்கினேன். காதுகுத்துக்கு எட்டு நாள் இருந்துச்சு. அங்கேதான் தப்பாச்சு. ரெண்டு நாள் முன்னாடி வாங்கியிருந்தா ஒண்ணும் நடந்திருக்காது.

எனக்கு நூல் மில்லுல நைட் ஷிப்ட். கோன் பேக்கிங். காலையில வந்து படுத்தா நேர் எதிர்ல அலமாரி. இருபத்தொரு கிழவன் என்னையே பார்க்கிறான். தூங்க முடியலை. அவன்கிட்ட என்ன இல்லைன்னு எனக்குத் தெரியும். புளி இல்லை சார். எல்லாம் இருக்கு, புளி இல்லை. அவ்வளவு தூரம் வந்தவன் கடைசி வீட்டு வாசல்ல நின்னுட்டான். தெரியாம இருந்தா விட்டுரலாம். தெரிஞ்ச பிறகு எப்படிச் சும்மா இருக்கிறது? முந்நூறு பேர் சாப்பிடப் போறாங்க. என் தங்கச்சி வீட்டு விசேசம். என் சீர். நீங்களா இருந்தா விட்டுருவீங்களா?

விட்டுருப்பீங்களா? அட. சரி.

நாலாம் நாள் எந்திரிச்சேன். பழம்புளியைக் கரைச்சுச் சுண்டக் காய்ச்சினேன். பூண்டைத் தோலோட சுட்டு மசிச்சேன். கருப்பட்டி கொஞ்சம். இருபத்தொரு பாட்டிலையும் அண்டாவுல கவிழ்த்து, அடுப்புல வெச்சுக் கிண்டினேன். ஒரு விரல் எடுத்து வாயில வெச்சேன் பாருங்க, தாடிக்காரன் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டான்.

நான் அவனை மாத்தலை சார். சரி பண்ணினேன். ரெண்டும் வேற.

காளீஸ்வரி வாசப்படியில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. "அந்தப் புள்ள உங்ககிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணு"ன்னா.

"உடைச்சதே யாருக்கும் தெரியாதுடி."

"உங்களுக்குத் தெரியும்ல?"

அப்புறம் ரெண்டு நாள் எங்கூடப் பேசலை. எதுக்குக் கோவிச்சான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடலை.

பதினேழு வருஷமா நான் செய்ற வேலையே பொருளைச் சுத்தி ஒட்டுறதுதான். பாட்டிலைக் கழுவிக் காயவெச்சு ஊத்தினேன். வாயில இருந்த வெள்ளிப் பேப்பரைத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியில லேசா ஒரு ஒத்தடம் குடுத்தா அப்படியே பிடிச்சுக்கிச்சு. மூடிக்கு மேலே மாட்டுற பிளாஸ்டிக் சட்டை கடையிலயே விக்குது. சூடு காட்டினா சுருங்கி உக்காந்துக்கும். கம்பெனிக்காரனே வந்து பார்த்தாலும் தன் கையால ஒட்டினதுன்னுதான் சத்தியம் பண்ணுவான்.

ஞாயித்துக்கிழமை காதுகுத்து. கோயிலுக்கு முன்னாடி இருந்து மேளம், வெடி. முதல்ல தேங்கா, பழம், பட்டுப்பாவாடை, தங்கக் கம்மல். நடுவுல ஏழு தட்டு, தட்டுக்கு மூணா இருபத்தொரு தாடிக்காரன். எங்க வீட்டுப் பொம்பளைக ஒவ்வொரு கிழவன் நெத்தியிலயும் குங்குமம் வெச்சு, கழுத்துல பூச்சரம் சுத்திட்டாங்க. யாரோ செத்துப்போன பெரியவர் படம்னு நினைச்சு ரெண்டு பேர் கும்பிட்டாங்க.

பூசாரி தடுத்தார். "இது என்னப்பா? தேனா?"

"சாஸுங்க."

"சைவமா, கவுச்சியா? சாமிக்குக் காட்டலாமா?"

பாட்டில்ல பச்சை அடையாளம் போட்டிருக்கிறதைக் காட்டினேன். திருப்தியாயிட்டார். கருப்பசாமி காலடியில, அரிவாளுக்குப் பக்கத்துல, ஒரு தாடிக்காரனை வெச்சு சூடம் காட்டினார்.

அப்பத் தங்கச்சி வந்தா. என்னைப் பார்க்கலை, நேரா தட்டுகிட்டப் போனா. ஒவ்வொரு பாட்டிலா எடுத்து, மூடியை நகத்தால சுரண்டிப் பார்த்தா. இருபத்தொண்ணையும் பார்த்தா சார். கடைசி பாட்டிலை வெச்சுட்டு எங்கிட்ட வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கண்ணெல்லாம் தண்ணி.

"நீ மாறிட்டண்ணே."

எனக்கு நெஞ்சுல என்னமோ செஞ்சுச்சு. காலையில இருந்து சாப்பிடலை, பசியா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

பன்னண்டு மணியில இருந்து ஒண்ணரை வரைக்கும் எமகண்டம். அதுக்கப்புறம்தான் குத்தணும். ஆனா டிரம் நாலும் திறந்தாச்சு, வாசனையை வெச்சுக்கிட்டு எவன் காத்திருப்பான்? பந்தி போட்டுட்டாங்க. முதல் பந்தியிலயே காது குத்த வந்த ஆசாரியும் உக்காந்துட்டார். கறி மேலே சாஸைத் தடவி வெச்சாங்க. முந்நூறு பேர் சாப்பிடுற இடத்துல விரல் சப்புற சத்தம் மட்டும். எங்களைப் புளிச்ச சம்பந்தம்னு சொன்ன அந்த அம்மா மூணாவது தடவை இலையை நீட்டுச்சு. மணிமாறன் நல்லாருக்குன்னான், அதைக் கணக்குல எடுக்காதீங்க.

மாப்ள மைக்கைப் பிடிச்சுட்டான். "பாத்தீங்களா? இதுதான் கம்பெனி சரக்கு! மனுசன் கை படலை, எல்லாம் மெஷின்! நம்மாளுக கை வெச்சிருந்தா கெடுத்திருப்பாங்க!"

பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். பாராட்டு பூரா அந்தக் கிழவனுக்குப் போகுது. போகட்டும்னு விட்டேன். நான் அவ்வளவு கெட்டவன் இல்லை சார்.

ஒண்ணே முக்காலுக்கு என்னை உக்கார வெச்சாங்க. தங்கச்சி பிள்ளையைக் கொண்டு வந்து மடியில வெச்சா. தன்யஸ்ரீன்னு பேரு. மொட்டைத் தலையில சந்தனம். அழும்னு நினைச்சேன், அழலை. என் சட்டைப் பட்டனைப் பிடிச்சுத் திருகிக்கிட்டே என் மூஞ்சியைப் பார்த்துச்சு. எவ்வளவு கனம்கிறீங்க? ஒரு கோன் பெட்டியைத் தூக்குற எனக்கு, அந்தக் கனம் புதுசா இருந்துச்சு. பொம்பளைப் பிள்ளைக்கு இடது காதுதான் முதல்ல. ஆசாரி கம்பியைத் துடைச்சு, குறி பார்த்து, பொசுக்குன்னு இறக்கினார். சுத்தமான குத்து. பிள்ளை வீல்னு கத்தி என் நெஞ்சுல மூஞ்சியைப் புதைச்சுக்கிச்சு. நான் முதுகைத் தட்டினேன். வளர்மதி என்னைப் பார்த்துச் சிரிச்சா.

ஆசாரி ரெண்டாவது கம்பியை எடுத்துத் துடைச்சுக்கிட்டே, சும்மா பேச்சுக்குச் சொல்றார்: "எல்லாம் அருமை. என்ன, புளி மட்டும் ஒரு பொட்டு தூக்கல்."

புளி தூக்கலாம்.

பாராட்டினப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன் இல்லையா? இது வேற. இது குத்தம். தாடிக்காரன்கிட்டப் புளியே கிடையாது, அப்ப அந்தக் குத்தம் யார் மேலே விழும்? "தூக்கல் இல்லை ஆசாரியாரே. நான் அளந்து போட்டேன். பாட்டிலுக்கு ஒரு எலுமிச்சங்காய் அளவு, அதுவும் பழம்புளி. உங்க நாக்குல வெத்தலைக் காரம் நிக்குது"ன்னேன்.

மைக் பக்கத்துல கிடந்திருக்கு. யாரும் அணைக்கலை. "பழம்புளி"ங்கிறது கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற மலையில பட்டுத் திரும்பி வந்துச்சு.

மேளம் நின்னுருச்சு. மாப்ளயோட அம்மா கையில எலும்போட, "நான் சொன்னேன்ல"ன்னுச்சு. மாப்ள என்னைப் பார்க்கிறான், பாட்டிலைப் பார்க்கிறான், மறுபடி என்னைப் பார்க்கிறான்.

"மச்சான், சீலு?"

"அது பிசிறில்லாம ஒட்டினது மாப்ள. நீங்களே பார்த்தீங்கள்ல?"

தங்கச்சி கத்துவான்னு நினைச்சேன். கத்தலை. ரெண்டு கையையும் நீட்டினா. "பிள்ளையைக் குடுண்ணே." அவ்வளவுதான் சொன்னா. நான் குடுத்தேன். பட்டனை விடாம பிடிச்சிருந்துச்சு, விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தா. மணிமாறன் கையைக் கழுவிட்டு வந்து நான் உக்காந்த மணையில உக்காந்தான்.

நான் பக்கத்துலயே நின்னேன். ஆசாரிகிட்ட நியாயம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். "எந்த இடத்துல தூக்கல்? நுனி நாக்குலயா, அடி நாக்குலயா? சொல்லுங்க"ன்னு. அவர் என் பக்கம் திரும்பி, "யோவ், சும்மா இருய்யா"ன்னுக்கிட்டே கம்பியை இறக்கினார்.

இறக்கினது தப்பான இடம் சார். நான் பார்த்தேன். வலது காதுல ஒரு நெல்லு அளவு கீழே போயிருச்சு. குத்துறப்பக் கவனம் வேண்டாமா? ஆசாரிக்குத் தொழில் தெரியலை.

இதோ, போன்ல போட்டோ வெச்சிருக்கேன், பெருசு பண்ணிப் பாருங்க. இந்தக் கம்மல் இங்கே நிக்குது, அந்தக் கம்மல் அங்கே நிக்குது. தெரியலையா? வெளிச்சத்துல பிடிங்க. யாருக்கும் தெரியலைங்கிறாங்க. காளீஸ்வரிக்கும் தெரியலையாம்.

நாலு மாசம் ஆச்சு. முந்தாநாள் தங்கச்சி போன் பண்ணினா. நானா பண்ணலை, அவளேதான். சொன்னா: "வந்து பிள்ளையைப் பார்த்துட்டுப் போண்ணே. எதையும் கொண்டு வராத. எதையும் செய்யாத. சும்மா வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ." அவளும் அழுதா, நானும் அழுதேன். கூடப் பிறந்தது சார், எத்தனை நாளைக்குப் பேசாம இருக்கும்?

அதான் போறேன். பாருங்க, வெறும் கை. ஒரு பிஸ்கட் பாக்கெட் கூட வாங்கலை. சொன்னா சொன்னபடி.

கோபால்பட்டி வந்துருச்சு, இறங்கணும்னீங்களே. பையைப் பார்த்து எடுங்க. சட்டைப் பையில இருக்கிற இதுவா? இது ஒண்ணுமில்லை, பேனா. நத்தத்துல வேற ஒரு ஆசாரியை நாலு மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். கைராசிக்காரராம். பழைய ஓட்டை தானா தூர்ந்துக்கட்டும்னு விட்டுட்டு, அந்த வலது காதுல சரியான இடத்துல புதுசாக் குத்திட்டா, அது என் மடியிலதானே நடக்கும்? அப்ப ரெண்டு காதுக்கும் நான்தானே மாமன்?

நான் தொட மாட்டேன் சார். எங்கே குத்தணும்னு ஒரு புள்ளி மட்டும் வைப்பேன்.